கருத்த லாட் வந்தால் எது தாங்கும்? தரம்பிரிக்கும் இயந்திரத்துக்குக் கேஷா, டிசிஎம்மா, பெரிய போர்டா

காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரி ஆலை ஒன்றிலிருந்து ஐப்பசி மழை நாளில் போன் வந்தது. "தம்பி, நல்ல பருப்பா ஓட்டினா உங்க தரம்பிரிக்கிற மிஷின் அருமையா பிரிக்குது. நேத்து கருத்த லாட் ஒண்ணு போட்டோம். கெட்டதை விட்டுட்டு நல்லதைத் தள்ளுது. ஒரு நடை வந்து பாருங்க." கடலூரிலிருந்து பண்ருட்டி வழியாகக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. பட்டறையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, கேமரா எடுக்கும் ஒரு வரிப் படத்தை அலச ஆகும் நேரம், அதற்குள்ள கெடுவில் பாதியைக்கூடத் தொடவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அப்புறம் எப்படித் தடுமாறும்?

ஆலையில் அரை நாள் உட்கார்ந்த பிறகு காரணம் தெரிந்தது. நாங்கள் அளந்தது சராசரியை. அதுவும் நல்ல பருப்பில். கெட்ட பருப்பு வரும்போது எங்கள் நிரல் மெதுவாகிறது; கெட்ட பருப்பைப் பிடிப்பதற்காகவே செய்த இயந்திரம் அது.

அதற்குப் பிறகு நிரலின் மெமரி ஏற்பாட்டை மாற்றுவதென்று முடிவானது. எப்படி மாற்றுவது என்பதற்கு நாலைந்து வழிகள் இருந்தன. சிலவற்றைச் செய்து பார்த்தோம், சிலவற்றைக் கணக்குப் போட்டே தள்ளினோம். மோட்டார் டிரைவ், பேக்கிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று கெடுவுக்குள் வேலையை முடித்தாக வேண்டிய எந்தச் சர்க்யூட் பலகையைச் செய்பவருக்கும் இதே தேர்வு ஒரு நாள் வரும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கெடு எங்கே இருக்கிறது

பருப்பு சரிவுத் தகட்டில் வழுக்கி விளிம்பைத் தாண்டும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். அந்த இடத்தில் ஒரு லைன் ஸ்கேன் கேமரா 30 செ.மீ. அகலத்தை 1,024 பிக்சலாகப் பார்க்கிறது. பிக்சலுக்கு 0.3 மி.மீ. என்று ஆகிறது. மேலிருந்து கீழாகவும் அதே நுணுக்கம் வேண்டுமானால், பருப்பு 0.3 மி.மீ. இறங்குவதற்குள் அடுத்த வரியை எடுத்துவிட வேண்டும். 100 மைக்ரோநொடிக்கு ஒரு வரி, நொடிக்கு 10,000 வரி.

கேமராவுக்கு 12 செ.மீ. கீழே, கெட்டதை ஊதித் தள்ளும் காற்று வால்வுகள். பருப்பு அங்கே போய்ச் சேர 38 மில்லிநொடி ஆகும். இது நிறைய நேரம் போலத் தெரியும். ஆனால் வால்வு 5 மில்லிநொடி பிந்தித் திறந்தால் பருப்பு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிப் போயிருக்கும். டபிள்யூ320 என்ற தரத்தில் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை கிராம். அந்த அளவுப் பருப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பிசகினால் காற்று பின்னால் வரும் பருப்பின் மேல் அடிக்கும். கருத்தது நல்ல பெட்டியில் விழும், வெள்ளை முழு கழிவில் விழும். ஆலைக்காரர் போனில் சொன்னது இதைத்தான்.

எங்கள் பலகையில் இருப்பது எஸ்டிஎம்32எச்743 (சுருக்கமாக எச்743) என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில். அதில் கணக்குப் போடும் பகுதி கோர்டெக்ஸ் எம்7 கோர், 480 மெகாஹெர்ட்ஸ்; அதாவது நொடிக்கு 48 கோடி கிளாக் துடிப்பு. ஆகவே ஒரு வரிக்குக் கிடைப்பது 48,000 கிளாக். பிக்சலுக்குப் பங்கிட்டால் 46 கிளாக். ஒரு வரி சற்றுப் பிந்தினால் சமாளிக்க, எட்டு வரி ஆழத்துக்கு ஒரு சுற்று வரிசையும் வைத்திருந்தோம். அது போதும் என்று நினைத்தது இரண்டாவது தப்பு. 2 செ.மீ. நீளப் பருப்பு 66 வரிகளில் விரிகிறது. கெட்ட பருப்பு ஒன்று வந்தால் மெதுவான வரி தனியாக வராது, தொடர்ந்து 66 வரும். நல்ல அகலத்துக்குக் கெட்டதாகவே விழுந்தால் நூற்றுக்கணக்கில் வரும். எட்டு ஆழ வரிசை நிரம்பி வழியும், வரிகள் விடுபடும். வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை நாங்கள் வரி எண்ணிக்கையால் கணக்கிட்டதால், விடுபட்ட ஒவ்வொரு வரியும் காற்றை இடம் மாற்றியது.

கேஷை ஆன் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது

முதல் வழி இது. கேஷ் என்பது கோர் சமீபத்தில் தொட்டவற்றின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான மெமரி. நாங்கள் தொடக்கத்தில் இருந்ததும் இங்கேதான். எச்743-இல் நிரலுக்கு 16 கேபி, தரவுக்கு 16 கேபி என்று இரண்டு கேஷ். கேஷ் ஒரே தடவையில் கொண்டுவரும் துண்டுக்குக் கேஷ் லைன் என்று பெயர், அது 32 பைட். ஆன் செய்ய இரண்டு வரி நிரல் போதும். ஃப்ளாஷ் என்ற நிரந்தர மெமரியிலிருந்து ஓடும் நிரல் உடனே பல மடங்கு வேகமாகும். உழைப்பே இல்லாமல் கிடைக்கும் லாபம் என்பதால் எல்லோரும் முதலில் இதைச் செய்ய வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு எங்கள் வண்ண அட்டவணையே நல்ல உதாரணம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் மேல் 5 பிட்டை மட்டும் எடுத்தால் 32,768 நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பைட்: நல்லது, தோல் ஒட்டியது, கருகியது, பின்னணித் தகடு என்று. மொத்தம் 32 கேபி. பிக்சலின் நிறத்தை முகவரியாக மாற்றி அட்டவணையில் ஒரே ஒரு முறை பார்த்தால் பதில் கிடைத்துவிடும். எளிமையான, நல்ல முறை.

இந்த அட்டவணை கேஷில் எப்படி உட்கார்கிறது என்று பாருங்கள். நீலத்தின் 5 பிட் கடைசியில் வருகிறது. ஆக ஒரு சிவப்பு, பச்சை ஜோடிக்கு உள்ள 32 நீல அளவுகளும் அடுத்தடுத்த 32 பைட்டில் இருக்கின்றன. அதாவது மிகச் சரியாக ஒரு கேஷ் லைன். நல்ல பருப்பு எல்லாமே வெளிர் தந்த நிறம். அதற்குச் சில சிவப்பு, பச்சை ஜோடிகள் போதும். பின்னணித் தகட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு. சில டஜன் கேஷ் லைனில் வேலை முடிந்தது. அவை கேஷை விட்டு வெளியே போவதே அபூர்வம். பட்டறையில் நாங்கள் பார்த்த அழகான எண்ணிக்கைகள் இப்படித்தான் வந்தன.

கருத்த லாட் வந்தால் காட்சி மாறுகிறது. கருகிய விளிம்பு, ஒட்டிய செந்தோல், எண்ணெய்க் கறை, பூச்சி அரித்த துளை, ஈரத்தில் வந்த புள்ளி. நிறங்கள் அட்டவணை முழுக்கச் சிதறுகின்றன. அட்டவணைக்கு மொத்தம் 1,024 கேஷ் லைன் தேவை. தரவுக் கேஷில் இருப்பதே 512. அதையும் படத்தின் வரிகள், ஸ்டாக் (நிரலின் தற்காலிகத் தரவு), பருப்புகளைப் பின்தொடரும் பட்டியல் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. தேடியது கேஷில் இல்லாதபோது சில்லின் பொது மெமரியான ஏஎக்ஸ்ஐ எஸ்ரேமிலிருந்து 32 பைட்டைக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து வரும் தரவுப் பாதையான பஸ் 64 பிட் அகலம், கோரின் பாதி வேகம். வெறும் தரவு நகர்வதற்கே 8 கிளாக். முகவரி போய்ப் பதில் வரும் நேரம் தனி. இப்படிக் கேஷில் கிடைக்காமல் போகும் ஒரு தவறலுக்கு 20 கிளாக் என்று வைத்துக்கொண்டாலும், வரியின் எல்லாப் பிக்சலும் தவறினால் 20,000 கிளாக்குக்கு மேல் போய்விடும். பட்ஜெட்டில் நாற்பது சதவீதம், வெறும் காத்திருப்புக்கு. அதே நேரத்தில் கெட்ட பிக்சல்களை ஒன்று சேர்த்துப் பருப்பின் வடிவம் கண்டுபிடிக்கும் வேலையும் கூடுகிறது. இரண்டும் ஒரே நொடியில் வருவதுதான் இதில் கொடுமை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து ஆலைகளில் ஒரே வாரத்தில் உள்ளூர்த் தோப்புக் கொட்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான கொட்டையும் ஓடுகின்றன. இரண்டின் பருப்பும் ஒரே வெள்ளை கிடையாது. ஒரு லாட்டில் அளந்த கேஷ் நடத்தை அடுத்த லாட்டுக்குப் பொருந்தாது. உள்ளே வரும் சரக்கைப் பொறுத்து வேகம் மாறும் ஏற்பாட்டின் மேல் கெடுவைக் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திரை, பதிவு, நெட்வொர்க் போன்ற வேலைகளுக்குக் கேஷ் தாராளமாகப் போதும்.

தரவைச் சுருக்குவது

இரண்டாவது வழி, கேஷுக்குள் அடங்கும்படி தரவை மாற்றுவது. எங்களுக்கு நான்கே வகைகள் என்பதால் நிறத்துக்கு ஒரு பைட் தேவையில்லை, 2 பிட் போதும். 32 கேபி அட்டவணை 8 கேபி ஆகிறது, கேஷில் பாதி. பிட்டைப் பிரித்தெடுக்க பிக்சலுக்கு இரண்டு மூன்று கிளாக் கூடும்; வரிக்கு 3,000 கிளாக் என்றாலும் பட்ஜெட்டில் ஆறு சதவீதம்தான். செய்து பார்த்தோம். கருத்த லாட்டில் மோசமான வரியின் நேரம் நன்றாகவே இறங்கியது.

இதைவிட எனக்குப் பிடித்தது பின்தொடரும் பட்டியலில் செய்த மாற்றம். விழுந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு பருப்புக்கும் ஒரு ஸ்ட்ரக்சர், அதாவது விவரத் தொகுப்பு. இடது ஓரம், வலது ஓரம், கெட்ட பிக்சல் எண்ணிக்கை, தொடங்கிய வரி, நிறச் சராசரிகள், புள்ளிவிவரங்கள் என்று சேர்த்துச் சேர்த்து அது 96 பைட் ஆகியிருந்தது. 64 பருப்புக்கு 6 கேபி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் நிஜமாகத் தொடுவது ஓரங்களையும் கெட்ட எண்ணிக்கையையும் மட்டும்; 8 பைட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றைத் தனி வரிசையாகப் பிரித்ததும் 64 பருப்புக்கு 512 பைட், 16 கேஷ் லைன். மீதி விவரங்கள் பருப்பு முடியும்போது ஒரு முறை தொடப்படும், அது வேறொரு வரிசையில் கிடக்கட்டும். ஒரு மதியத்தில் முடிந்த வேலை இது. நிரல் படிப்பதற்கும் தெளிவானது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். வேறு பலகைக்குப் போனாலும் இந்த உழைப்பு கூடவே வரும்.

ஆனால் இந்த வழி மட்டும் போதுமா என்றால், போதாது. 8 கேபி அட்டவணை கேஷில் 'அடங்கும்' என்பது உண்மை, 'அங்கேயே இருக்கும்' என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு வரியும் 3 கேபி புதுத் தரவாகக் கேஷின் ஊடே ஓடுகிறது, எதையாவது வெளியே தள்ளிக்கொண்டே. இந்தச் சில்லில் ஒரு பகுதியைக் கேஷுக்குள் பூட்டி வைக்கும் வசதியும் இல்லை. மோசமான நேரம் இறங்குகிறது. அது எங்கே நிற்கும் என்று அடித்துச் சொல்ல முடிவதில்லை.

டிசிஎம்: கேஷே இல்லாத இடம்

கோர்டெக்ஸ் எம்7-இல் கோருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் மெமரி ஒன்று உண்டு, டிசிஎம். எச்743-இல் நிரலுக்கு 64 கேபி ஐடிசிஎம், தரவுக்கு 128 கேபி டிடிசிஎம். இது கோரின் வேகத்திலேயே ஓடுகிறது. கேஷ் வழியாகப் போகாததால் தவறல் என்ற பேச்சே இல்லை. முதல் முறை படித்தாலும் ஆயிரமாவது முறை படித்தாலும் ஒரே நேரம். வெள்ளைப் பருப்பானாலும் கருத்ததானாலும் ஒரே நேரம்.

32 கேபி வண்ண அட்டவணையை அப்படியே, சுருக்காமல், டிடிசிஎம்மில் வைத்தோம். பிட்டைப் பிரிக்கும் வேலையும் மிச்சம். பின்தொடரும் பட்டியல், ஸ்டாக், வால்வு வரிசை எல்லாம் அங்கேயே. இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

நிரல் பக்கத்தில் கிடைத்த லாபம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. வால்வைத் திறக்கும் டைமர் இன்டரப்ட் (நேரம் வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் சிறு நிரல்) எப்போதாவது ஒரு முறைதான் ஓடும். நல்ல லாட்டில் பல நொடிகள் ஒரு வால்வுகூடத் திறக்காது. அதற்குள் அந்த இன்டரப்ட் நிரல் கேஷிலிருந்து காணாமல் போயிருக்கும். திடீரென்று தேவைப்படும்போது ஃப்ளாஷிலிருந்து காத்திருந்து காத்திருந்து எடுக்க வேண்டும். எப்போதாவது ஓடும், ஆனால் ஓடும்போது தாமதிக்கவே கூடாத நிரலுக்குக் கேஷ் உதவாது. அதன் இயல்பே அடிக்கடி தொட்டதை வைத்துக்கொண்டு தொடாததை விடுவது. வரி அலசும் நிரல், இன்டரப்ட், இன்டரப்ட் முகவரிகளின் வெக்டர் டேபிள் மூன்றையும் டிசிஎம்முக்கு மாற்றிய பிறகு, வால்வு பின்னின் நேரத்தை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது தடித்திருந்த கோடு மெலிந்திருந்தது, அதாவது நேரத்தின் ஆட்டம் குறைந்திருந்தது.

விலை என்ன? எது எந்த மெமரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டைக் கையால் எழுத வேண்டும். பவர் வந்ததும் ஃப்ளாஷிலிருந்து ஐடிசிஎம்முக்கு நிரலை நகலெடுக்கும் சிறு துண்டைத் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். எந்த ஃபங்ஷன் எங்கே போனது என்று ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் மேப் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு முறை எங்கள் வரி அலசும் நிரல் ஐடிசிஎம்மில் ஒழுங்காக இருந்தது, அது கூப்பிட்ட, தரவை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் மட்டும் லைப்ரரியோடு ஃப்ளாஷிலேயே கிடந்தது. கம்பைலர் எச்சரிக்கை எதுவும் தராது, நாம்தான் பார்க்க வேண்டும். இப்போது கெடு உள்ள ஃபங்ஷன்களின் முகவரியைச் சோதிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பில்டிலேயே ஓடுகிறது. ஒன்று இடம் மாறினாலும் பில்டு நின்றுவிடும். இந்த ஸ்கிரிப்ட் இல்லாமல் டிசிஎம் வழியை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மூன்று மாதம் கழித்து இன்னொருவர் ஒரு ஃபங்ஷனைச் சேர்க்கும்போதுதான் இது சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

கேமராத் தரவு: நான்கு நாளைத் தின்ற சிக்கல்

டிசிஎம் என்று முடிவெடுத்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கோரின் உதவியின்றிக் கேமராவிலிருந்து தரவைக் கொண்டுவரும் டிஎம்ஏ என்ற பகுதி எச்743-இல் டிடிசிஎம்மைத் தொடவே முடியாது. டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் அந்தப் பக்கம் பாதை இல்லை. எம்டிஎம்ஏ என்ற இன்னொன்றுக்கு மட்டுமே உண்டு. எஸ்டிஎம்32-இன் எஃப்7 வரிசையில் பழகிவிட்டு எச்7-க்கு வருபவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள்: முந்திய பலகையில் ஓடிய அதே நிரல் இங்கே பூஜ்யமாகவே தரும். ஆகவே கேமராத் தரவு முதலில் ஏஎக்ஸ்ஐ எஸ்ரேமில்தான் இறங்க வேண்டும். அங்கே கேஷ் குறுக்கிடுகிறது. டிஎம்ஏ மெமரியில் புதுத் தரவை எழுதினாலும் கோர் தன் கேஷில் உள்ள பழையதையே படிக்கும்.

இதற்கு மூன்று தீர்வுகளை ஒப்பிட்டோம்.

மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கும் எம்பியூ வழியாக அந்த இடத்தைக் கேஷ் ஆகாத பகுதி என்று குறித்துவிடுவது ஒன்று. நிரலில் வேறெதையும் மாற்ற வேண்டாம், பிழைக்கு இடமே இல்லை. பகுதியின் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்க முகவரியும் அந்த அளவுக்கு ஒத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படிப்பும் பஸ்ஸில் போய் வர வேண்டும். 3,072 பைட்டையும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்றுக்கு 10 கிளாக் என்று வைத்தால்கூட 30,000 கிளாக். எங்களுக்குக் கட்டாது. சீரியல் போர்ட், சென்சார் அளவு போன்ற சிறு தரவுகளுக்கு இதுவே சிறந்த வழி, தயங்காமல் எடுங்கள்.

இரண்டாவது, கேஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் முன் அந்த இடத்தை இன்வாலிடேட் செய்வது, அதாவது கேஷில் உள்ள அதன் நகல் செல்லாது என்று அறிவிப்பது. 3,072 பைட் என்பது 96 கேஷ் லைன். அதற்கு ஆகும் நேரம் பெரிதில்லை. வரியைத் தொடர்ச்சியாகப் படிப்பதால் 32 பைட்டாக வந்து சேர்வதும் லாபம். இதைத்தான் முதலில் செய்தோம். நான்கு நாள் போனது இதனால்தான். இருபதாவது வால்வு மட்டும் எப்போதாவது திறக்காமல் விடும். வால்வை மாற்றினோம், வயரை மாற்றினோம், மின்சாரக் குறுக்கீடு என்று நினைத்துக் கேபிளுக்கு உறை போட்டோம். கடைசியில் பார்த்தால் வரித் தரவின் இடம் 32 பைட் எல்லையில் தொடங்கவில்லை. அதன் முதல் கேஷ் லைனில் பாதி எங்கள் தரவு, மீதிப் பாதியில் இருபதாவது வால்வின் கவுன்டர். கோர் கவுன்டரை மாற்றி, அது இன்னும் மெமரிக்குப் போகாமல் கேஷில் இருக்கும்போது நாங்கள் அந்த லைனை இன்வாலிடேட் செய்தால், மாற்றம் அப்படியே அழிந்துவிடும். நேரம் பொருந்தினால்தான் நடக்கும் என்பதால் பிடிபடவில்லை. இந்த வழியை எடுப்பவர்கள் தொடக்கம், அளவு இரண்டையுமே 32-இன் மடங்காக வைத்து, அதைக் கம்பைல் நேரத்திலேயே சோதிக்க ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, எம்டிஎம்ஏவை வைத்து ஏஎக்ஸ்ஐ எஸ்ரேமிலிருந்து டிடிசிஎம்முக்கு வரியை நகர்த்துவது. கேமரா டிஎம்ஏ ஒரு வரியை முடித்ததும் அதன் சைகையே எம்டிஎம்ஏவைத் தொடங்கி வைக்கும், கோர் தலையிட வேண்டாம். டிடிசிஎம்மில் வரிக்கு 3 கேபி வீதம் எட்டு அறைகள், மொத்தம் 24 கேபி. கோர் ஏஎக்ஸ்ஐ பக்கம் எட்டியே பார்ப்பதில்லை, ஆகவே பழைய தரவு என்ற சிக்கலும் இல்லை, எல்லைச் சிக்கலும் இல்லை. அமைப்பதற்கு மூன்றிலும் இதுதான் கடினம். கையேட்டை இரண்டு நாள் படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இதையே வைத்துக்கொண்டோம். நான்கு நாள் வால்வைக் கழற்றி மாட்டிய பிறகு, அந்தப் பிழை பிறக்கவே வழியில்லாத ஏற்பாடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"பெரிய போர்டு போட்டுடலாமே"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. ராஸ்பெர்ரி பை 4 போன்ற ஒன்று, நான்கு கோர்டெக்ஸ் ஏ72 கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ், லினக்ஸ். எங்கள் பையன்களில் ஒருவர் இதற்காக மிகவும் வாதாடினார், அவர் வாதம் நியாயமானதும்கூட. 5 பிட் சுருக்கம் வேண்டாம், முழு 24 பிட் நிறத்துக்கும் அட்டவணை போடலாம். திரை, நெட்வொர்க், பதிவு எல்லாம் அதிலேயே. நிகழ்நேரத்துக்கான பிரீஎம்ப்ட் ஆர்டி இணைப்புகள் 2024-இல் லினக்ஸ் 6.12-இலேயே சேர்ந்துவிட்டன, வெளியிலிருந்து ஒட்ட வேண்டியதில்லை.

கணக்குப் போட்டோம். முழு 24 பிட் அட்டவணை 1 கோடியே 67 லட்சம் பைட்டைத் தாண்டும், 16 எம்பி. அந்தச் சில்லில் எல்லாக் கோரும் பங்கிடும் எல்2 கேஷ் 1 எம்பி. கருத்த லாட்டில் நிறங்கள் சிதறினால் சில்லுக்கு வெளியே உள்ள டிராம் மெமரி வரை போக வேண்டும். டிராமுக்குப் போய் வர 100 நானோநொடி என்று வைத்தால், 1,024 பிக்சலும் தவறும் வரிக்கு 102 மைக்ரோநொடி. கெடு 100. ஏ72 ஒரே நேரத்தில் பல தவறல்களைக் கையாளும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாகாது. ஆனால் பார்த்தீர்களா, காடாம்புலியூரில் எங்களைக் கவிழ்த்த அதே சங்கதி பெரிய உடம்போடு திரும்பி வருகிறது. அட்டவணையை 32 கேபியிலேயே வைத்துக்கொண்டால் கோருக்குக் கோர் தனியாக உள்ள எல்1 கேஷுக்குள் அடங்கும். அப்போது பெரிய போர்டுக்குப் போன காரணமே பாதி போய்விடுகிறது.

பிரீஎம்ப்ட் ஆர்டி பற்றி ஒரு தெளிவு தேவை. நம் வேலைக்குக் கோர் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதை அது கட்டுப்படுத்தும். கிடைத்த பிறகு மெமரி எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அதன் கையில் இல்லை. ஒரு கோரை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கி வைக்கலாம், ஆனால் நான்கு கோருக்கும் எல்2 பொது, டிராம் பொது. பக்கத்துக் கோர் திரையில் ஒரு வரைபடத்தைப் புதுப்பித்தால் நம் அட்டவணை வெளியே தள்ளப்படலாம். மெமரியைப் பூட்டுவது, பக்கங்களை முன்கூட்டியே தொட்டு வைப்பது, கிளாக் வேகத்தை நிலையாக வைப்பது என்று பட்டியல் நீளும். 38 மில்லிநொடிக்குள் எப்போது முடிந்தாலும் சரி என்ற வேலையாக, ஆழமான வரிசையோடு அமைத்தால் இது ஓடும். பருப்பின் வடிவத்தைக் கொண்டு முழு, பாதி, துண்டு பிரிக்க நியூரல் நெட்வொர்க் வைக்க விரும்புபவர்களுக்கு இந்தப் பக்கம்தான் வழி. எங்கள் தேவை நிறம் மட்டும். கடைசியில் திரைக்கும் அட்டவணை தயாரிப்பதற்கும் பை, கெடு உள்ள வேலைக்கு எச்743 என்று பிரித்தோம். வாதாடிய பையனிடம்தான் பை பக்கத்தை ஒப்படைத்திருக்கிறேன். அவர் போட்ட திரை ஆலையில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

ஸிங்க் 7000 போன்ற, உள்ளே இருக்கும் சுற்றையே நாம் அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் பிக்சல் வேலையை லாஜிக்கிலேயே செய்தால் கேஷ் என்ற கேள்வியே எழாது, கிளாக்குக்கு ஒரு பிக்சல் என்று ஒழுங்காக ஓடும். நுட்பத்தில் இதுவே மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதை எழுதவும் பின்னால் பராமரிக்கவும் எங்களிடம் ஒருவர்கூட இல்லை. அந்தத் திறமை உள்ள குழு இதை முதலில் யோசிக்கட்டும்.

எதை வைத்துத் தேர்ந்தோம்

ஒப்பிட ஒரே அளவுகோல்: இதுவரை வந்ததில் மிக மோசமான வரிக்கு எத்தனை கிளாக். கோர்டெக்ஸ் எம்7-க்குள்ளேயே கிளாக் எண்ணும் கவுன்டர் இருக்கிறது. வரி தொடங்கும்போதும் முடியும்போதும் அதைப் படித்து, அதிகபட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சராசரியைத் திரையில் காட்டும் பகுதியையே நிரலிலிருந்து எடுத்துவிட்டேன், பார்த்தால் மனம் ஆறுதல் தேடிக்கொள்கிறது.

சரக்கும் முக்கியம். அந்தக் கருத்த லாட்டில் ஐந்து கிலோ கேட்டு வாங்கி வந்தேன். அதோடு பருப்பே இல்லாமல், அட்டவணையின் 1,024 கேஷ் லைனையும் மாறி மாறித் தொடும் செயற்கை வரிகளைத் தயாரித்து, கேமராவுக்குப் பதிலாக உள்ளே ஊட்டினோம். ஒரு பிக்சல் கெட்டது, அடுத்தது நல்லது என்று மாற்றி மாற்றி வைத்தால் வடிவம் தேடும் நிரலும் அதிகபட்ச வேலை செய்யும். இயற்கையில் இப்படி ஒரு வரி வரவே வராது. அது தாங்கினால் எந்த ஆலையின் எந்த மூட்டையும் தாங்கும்.

கேஷ் மட்டும் என்ற பழைய ஏற்பாடு இந்தச் செயற்கை வரியில் 48,000-ஐத் தாண்டியது. சுருக்கிய அட்டவணை தாண்டவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதிகபட்சம் வேறு எண்ணில் நின்றது. டிசிஎம், எம்டிஎம்ஏ ஏற்பாட்டில் இரவு முழுக்க ஓட்டிவிட்டு காலையில் வந்து பார்த்தேன். அதிகபட்சம் முதல் நிமிடத்தில் வந்த எண்ணிலிருந்து சில கிளாக்கே தள்ளியிருந்தது. வெள்ளைப் பருப்பின் சராசரியை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்துத்தானே முதலில் ஏமாந்தோம்.

பலகையைக் காடாம்புலியூரில் மாட்டிய அன்று ஆலைக்காரர் வேறெதுவும் பேசவில்லை, கருத்த லாட்டின் மீதி மூட்டையைத்தான் முதலில் அவிழ்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடியது. கழிவுப் பெட்டியில் கை விட்டு அளைந்து, வெள்ளை முழு எத்தனை கிடக்கிறது என்று அவரே எண்ணினார். அடுத்து 60 செ.மீ. அகலத்தில் ஒன்று வேண்டும் என்கிறார். 2,048 பிக்சல் என்றால் பிக்சலுக்கு 23 கிளாக்தான் மிஞ்சும். ஒரே பலகையில் அதைப் பிழிவதைவிட இதே பலகையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் விழும் பருப்பை எது தள்ளுவது என்பதை மட்டும் தீர்ப்பது சுலபம் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.